தாண்டிக்குடி தோட்டத்தில் டி-பீம்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்ததில்

"அங்க வெயில் கொளுத்துதா மாமா?" என்று போனில் கேட்டேன்.

"எவன் சொன்னான்? நான் ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருக்கேன் மாப்ளே."

என் கணினித் திரையில் தாண்டிக்குடி 47 டிகிரி என்று நின்றது. தோட்டத்தில் நான் வைத்திருக்கும் ரேடியோப் பெட்டி பொய் சொல்லவில்லை. வெப்பநிலை சென்சாரைப் பெட்டிக்குள்ளேயே, பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டி, மூடியையும் இறுக்கி வெயிலில் நிறுத்தியவன் நான்தான். அது சொன்னது பெட்டியின் காய்ச்சலை. மறுவாரம் மலைக்குப் போய், சென்சாரை ஒரு முழம் வயரில் வெளியே எடுத்து, பழைய பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கிக் குடை போல மூடிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மாமாவின் ஸ்வெட்டரும் என் திரையும் ஒத்துப்போகின்றன.

எனக்குத் தொழில் வத்தலக்குண்டில் மோட்டார் காயில் கட்டுவது. பொழுதுபோக்கு ஹாம் ரேடியோ, அதாவது அரசு உரிமத்தோடு சொந்தமாக ரேடியோ நிலையம் நடத்துவது. தேர்வு எழுதி, மோர்ஸும் தட்டிக் காட்டி உரிமம் வாங்கியவன். ஒன்றரை வருடமாகத் தாண்டிக்குடி மலையில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் டி-பீம் என்ற ரேடியோப் பலகை ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் பாடம் நடத்தி அலுத்துவிட்டது. அதனால் இது.

முதலில் பலகை. லில்லிகோ நிறுவனத்தின் டி-பீம் என்பது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு. மூளையாக ஈஎஸ்பி32 சிப், ஒரு ஜிபிஎஸ், குறைந்த சக்தியில் வெகுதூரம் போகும் லோரா ரேடியோ ஒன்று, பின்பக்கம் 18650 என்ற உருளை லித்தியம் செல் ஒன்று உட்காரும் தொட்டில், அதைச் சார்ஜ் செய்யத் தனி பவர் சிப். எனக்கு மூவாயிரத்துச் சில்லறை ஆனது. சின்னத் திரை தனியாக வந்தது, நானே பற்றவைத்தேன். காயில் கட்டுகிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் திரை பொருத்திய பலகையாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) 433 மெகாஹெர்ட்ஸ் பலகை என்று கேட்டுப் பணம் கட்டினேன். வந்தது 868. இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும். லோரா மாட்யூலின் தகரத் தொப்பியில் ஒட்டிய சின்னச் சீட்டுதான் ஒரே அடையாளம். நான் அதைப் பார்க்காமல் இரண்டு நாள் "ஏன் எதுவும் கேட்கவில்லை" என்று உட்கார்ந்திருந்தேன். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க மூன்று வாரம். பார்சல் பிரித்ததும் முதலில் லென்ஸ் வைத்து அந்தச் சீட்டைப் படியுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். ஏபிஆர்எஸ் என்பது இருப்பிடத்தையும் அளவுகளையும் ரேடியோவில் அனுப்பும் முறை, கீழே விவரமாகச் சொல்கிறேன். ஐரோப்பியர்கள் லோரா ஏபிஆர்எஸ்ஸை 433.775 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறார்கள், மென்பொருளும் அந்த எண்ணோடுதான் வருகிறது. இந்தியாவில் ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பட்டை அந்தப் பக்கம் 434இல் தொடங்கி 438இல் முடிகிறது. ஆகவே வந்தபடியே சுவிட்சைப் போடாதீர்கள். 434க்கு மேலே, சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களோடு பேசி ஒரு இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். 435க்கு மேலே செயற்கைக்கோள்காரர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் போக வேண்டாம். வீட்டு முகவரியை விட்டு வேறு இடத்தில் ஆளில்லாமல் பெட்டி வைப்பதென்றால் அதற்கும் முறைப்படி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

சரி, ஏபிஆர்எஸ் என்றால் என்ன? பெரும்பாலானோர் "வண்டி எங்கே போகுதுன்னு மேப்பில் காட்டுமே, அதுதானே" என்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். இதை உருவாக்கிய பாப் புருனிங்கா, அன்னாபொலிஸில் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் வேலை பார்த்தவர். 1982இல் ஆப்பிள் கணினி ஒன்றில் கடற்படையின் இருப்பிடத் தகவல்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்ததில் ஆரம்பித்தது. 1984இல் ஒரு 100 மைல் குதிரை ஓட்டத்துக்காக விஐசி-20 என்ற வீட்டுக் கணினியில் அடுத்த வடிவம். 1992இல்தான் எல்லோருக்கும் வெளியே வந்தது. ஆட்டோமேட்டிக் பொசிஷன் ரிப்போர்ட்டிங் சிஸ்டம் என்பதன் சுருக்கம்தான் ஏபிஆர்எஸ். முதலில் பெயரில் இருந்த 'பி' பொசிஷன், அதாவது இருப்பிடம். பிறகு அவரே அதை 'பாக்கெட்', அதாவது செய்திப் பொட்டலம், என்று மாற்றினார். இதை வண்டி தேடும் கருவியாக மட்டும் பார்க்காதீர்கள், சுற்றி என்ன நடக்கிறது என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வழி இது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். 2022 பிப்ரவரியில் காலமானார். அந்த ஒரு சொல் மாற்றத்தின் அர்த்தம் எனக்குத் தாண்டிக்குடியில்தான் புரிந்தது.

ஏனென்றால் மேப்பில் நகரும் வண்டியின் புள்ளி சீக்கிரம் அலுத்துவிடும். ஆரம்பத்தில் பலகையை என் வண்டியில் கட்டிக்கொண்டு பட்டிவீரன்பட்டி வழியாக மலை ஏறினேன். வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்பத் தானே அனுப்பும் இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு மென்பொருளில் இருக்கிறது. நேர்ச்சாலையில் எப்போதாவது ஒன்று, கொண்டை ஊசி வளைவில் படபடவென்று நாலைந்து. வீட்டில் மனைவி மேப்பைப் பார்த்துக்கொண்டே "வளைவுல டீ குடிக்க நின்னீங்களா?" என்று போன் செய்தாள். நின்றேன்தான். முதல் மூன்று பயணம் இருவருக்கும் வேடிக்கை. நாலாவது பயணத்தில் அவள் மேப்பைத் திறக்கவே இல்லை. மலையின் உள்மடிப்புக்குள் போனதும் புள்ளி உறைந்துபோகும், அப்போது "என்ன ஆச்சோ" என்ற கவலைதான் மிச்சம். வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிய இன்றைக்கு ஒரு செல்போன் போதும், அதுவும் இதைவிட நன்றாகச் சொல்லும். இன்னொன்று, ஹாம் ரேடியோவில் எதையும் மறைத்து அனுப்பக் கூடாது. உங்கள் புள்ளியை ஊரே பார்க்கலாம். அது பிடிக்காதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வண்டியிலிருந்து கழற்றி மலையில் வைத்த பிறகுதான் பலகைக்கு வேலை வந்தது. அங்கே அது என் சிக்னலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் டிஜிபீட்டர். கூடவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் பேட்டரி வோல்டேஜையும், வெளி வெப்பநிலையையும், ஈரப்பதத்தையும், காற்றழுத்தத்தையும் சொல்லும். வத்தலக்குண்டு வீட்டு மாடியில் இன்னொரு லோரா பலகை அதைக் கேட்டு வைஃபை வழியாக இணையத்தில் ஏற்றிவிடும். ஃபின்லாந்துக்கார ஹாம் ஒருவர் நடத்தும் ஏபிஆர்எஸ்.எஃப்ஐ தளத்தில் வரைபடம், வளைகோடு எல்லாம் தானாகவே வந்துவிடுகிறது. மென்பொருள் சிலி நாட்டு ஹாம் ஒருவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது. கணினியில் எதையும் நிறுவாமல் உலாவியிலிருந்தே யூஎஸ்பி வயரில் ஏற்றலாம். ஏற்றும்போது பலகையின் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பழையதில் ஏஎக்ஸ்பி192 பவர் சிப், 1.2இல் ஏஎக்ஸ்பி2101.

டெலிமெட்ரியை, அதாவது இப்படித் தூரத்திலிருந்து அளவுகளை அனுப்புவதைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஏபிஆர்எஸ்ஸின் பழைய முறையில் ஒரு பாக்கெட்டில் ஐந்து அளவுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கூடவே எட்டு 'ஆம், இல்லை' புள்ளிகள். அவ்வளவுதான். 195 என்று ஒரு எண் வரும். அது என்ன? வோல்டேஜா, டிகிரியா, மாமாவின் சர்க்கரை அளவா? அதைச் சொல்ல நிலையமே எப்போதாவது தனிச் செய்திகள் அனுப்பும். முதல் எண்ணின் பெயர் பேட்டரி, அலகு வோல்ட், கிடைத்த எண்ணை 0.02ஆல் பெருக்கிக்கொள் என்று. 195ஐ 0.02ஆல் பெருக்கினால் 3.9 வோல்ட். எடை குறைவாக இருக்கட்டும் என்று எண்ணை மட்டும் அடிக்கடி அனுப்பிவிட்டு, விளக்கத்தை எப்போதாவது அனுப்புகிறார்கள். மளிகைக்கடையில் கணக்கு நோட்டில் '4, 2, 1' என்று மட்டும் எழுதி வைத்து, எது அரிசி எது பருப்பு என்பதை முதல் பக்கத்தில் எழுதி வைப்பார்களே, அது மாதிரி. இப்போதைய மென்பொருள்கள் இன்னொரு வழியிலும் அனுப்புகின்றன. இருப்பிடச் செய்தியின் வாலில் இரண்டே எழுத்தில் 0 முதல் 8280 வரை எந்த எண்ணையும் திணித்துவிடுகிறார்கள். வோல்டேஜ் இரண்டாவது தசமம் வரை துல்லியமாகக் கிடைப்பது அதனால்தான். அந்த இரண்டாவது தசமத்தால் எனக்குக் கிடைத்ததைக் கீழே சொல்கிறேன்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு? லோரா மெதுவானது. நாங்கள் ஓட்டும் அமைப்பில் நொடிக்கு முந்நூறு பிட்கூட வராது. அறுபது எழுத்துச் செய்தி ஒன்று காற்றில் இரண்டரை நொடி நிற்கிறது. பழைய 144 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் ஏபிஆர்எஸ்ஸில் அதே செய்தி ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஊரில் இருபது பேர் நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எதுவும் போய்ச் சேராது. நிற்கிற பெட்டிக்குப் பதினைந்து நிமிடம் போதும். மலை எங்கேயும் ஓடிவிடாது.

மெதுவாகப் பேசுவதற்கு லோரா கொடுக்கும் கூலி தூரம். இந்தப் பலகை அனுப்புவது அதிகபட்சம் 100 மில்லிவாட். தோட்டத்துக்கும் என் மாடிக்கும் நேர்கோட்டில் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவில் எதுவும் இல்லையென்றால் மைனஸ் 92 டிபிஎம் வர வேண்டும் என்று கணக்கு சொன்னது. டிபிஎம் சிக்னல் வலிமையின் அளவு, மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிவு. வந்தது மைனஸ் 116. இடையே ஒரு முகடு தலை நீட்டுகிறது, மிச்சத்தை அது தின்றுவிடுகிறது. இந்த அளவுக்குக் கீழே எஃப்எம் வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். லோரா மைனஸ் 137 வரைக்கும் இறங்கி, இரைச்சலுக்கு அடியில் கிடப்பதைக்கூடப் பொறுக்கி எடுக்கிறது. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

பலகையோடு வந்த குட்டி ஆன்டெனாவை முதல் நாளே எடுத்து வைத்துவிட்டேன். கடையில் செம்புக் கம்பிக்குப் பஞ்சமா? தடித்த கம்பியில் 16.4 சென்டிமீட்டர் ஒன்று செங்குத்தாக, கீழே நான்கு கம்பிகள் குடைக்கம்பி போல 45 டிகிரி சரிவில். செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். அதைக் கம்பத்தின் உச்சியில் வைத்து, பெட்டியை அதற்கு நேர் கீழே கட்டினேன். பெட்டியைத் தரையில் வைத்துப் பத்து மீட்டர் மெல்லிய கேபிள் ஓட்டியிருந்தால் இந்த அலைவரிசையில் பாதி சக்தி கேபிளிலேயே சூடாகிப் போயிருக்கும். ஆன்டெனா மாட்டாமல் மட்டும் ஒருபோதும் சுவிட்சைப் போடாதீர்கள், அனுப்பும் சிப் எரிந்துபோகலாம். மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் இல்லாமல் ஸ்டார்ட்டரைப் போடுவது போல.

மின்சாரச் செலவுதான் இந்தப் பலகையின் பலவீனம். ஈஎஸ்பி32 பசிக்கார சிப். ஜிபிஎஸ், திரை எல்லாம் ஓடும்போது என் மீட்டரில் 120 மில்லிஆம்பியர் பக்கம். ஒரு 3000 மில்லிஆம்பியர்-மணி செல் ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான். நிற்கிற பெட்டிக்கு ஜிபிஎஸ் எதற்கு? இடத்தை ஒருமுறை கையால் எழுதிவிட்டு ஜிபிஎஸ்ஸையும் திரையையும் அணைத்தேன். 50க்கு இறங்கியது. அதற்கு மேல் இறக்க முடியாது, ஏனென்றால் டிஜிபீட்டர் எப்போதும் காது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் அளவுகளை மட்டும் அனுப்பும் பெட்டியென்றால் நடுவில் தூங்கவைக்கலாம். இரண்டு செல்லைப் பக்கவாட்டில் சேர்த்து, ஒரு சின்ன சோலார் பேனலை 5 வோல்ட்டாக்கிக் கொடுத்தேன். ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால் இரண்டு நாள் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் தோட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும், அப்போதுதான் சோதனை. போன வருடம் ஒருமுறை ஐந்து நாள் அடைமழையில் 3.3 வோல்ட் வரை இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறாம் நாள் வெயில் வந்தது. பெட்டி சாகவில்லை, ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. இப்போது மூன்று செல்.

எண்களைப் பழகப் பழக அவற்றுக்கு முகம் வந்துவிடுகிறது. போன தை மாதம் ஒரு காலையில் எல்லாம் சரி, ஆனால் சிக்னல் மைனஸ் 116லிருந்து 129க்கு விழுந்திருந்தது. வோல்டேஜ் அப்படியே இருக்கிறது, வெப்பநிலை வருகிறது, ஒலி மட்டும் மெலிந்துவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, கம்பம் நேரா நிக்குதா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "காட்டுமாடு உரசியிருக்கு மாப்ளே. சாஞ்சு கிடக்கு. அதெப்படி உனக்குத் தெரிஞ்சுது?"

முப்பது வருடமாக மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா என்று சொல்கிறவனுக்கு இது பெரிய காரியமில்லை என்று சொன்னேன். உண்மையில் எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. கம்பத்தை நிமிர்த்திக் கல் போட்டு இறுக்கியதும் 117.

இன்னொன்று அந்த இரண்டாவது தசமம். கார்த்திகை முடிந்து வானம் தெளிந்த பிறகும் தினமும் பிற்பகல் 3.10 வாக்கில் வோல்டேஜ் கோடு லேசாக ஒரு படி இறங்கியது. 4.08இலிருந்து 4.02. அரைமணி நேரம் கழித்து மறுபடி ஏறும். மேகமென்றால் தினமும் ஒரே நேரத்துக்கு வராது. மலைக்குப் போய் மூன்று மணிக்குப் பேனலுக்கு எதிரே நின்றேன். ஒரு சில்வர் ஓக் மரத்தின் கிளை நிழல் சரியாக 3.10க்குப் பேனலில் ஏறி, அரைமணி நேரத்தில் இறங்கிப் போனது. கடிகாரம் மாதிரி.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். மாமாவுக்கு இந்தக் காட்டுமாட்டு விவகாரத்துக்குப் பிறகு பெட்டிமேல் மரியாதை வந்துவிட்டது. "தொட்டில தண்ணி நெறஞ்சா சொல்லுமா? மோட்டார் ஓடுதானு சொல்லுமா?" என்றார். அந்த எட்டு 'ஆம், இல்லை' புள்ளிகளில் ஒன்றைத் தொட்டியின் மிதவையில் கட்டினால் தாராளமாகச் சொல்லும். ஆனால் ஹாம் உரிமத்தை வைத்துத் தோட்டத் தொழிலை நடத்தக் கூடாது. அவருக்கு சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்தேன். அவருக்கு அது போதும், அவர் அதில்தான் சந்தோஷமாக இருக்கிறார். உங்களுக்கும் தண்ணீர்தான் கவலை என்றால் அதையே வாங்குங்கள். உரிமம் இல்லாதவர்கள் இதை இந்த அலைவரிசையில் ஓட்டவே கூடாது. மழைக்கும் எறும்புக்கும் தாங்கும் பெட்டியை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும், இது வெறும் பலகை. கேபிள் நுழையும் ஓட்டையை சிலிகோன் பசை போட்டு அடைக்காமல் ஒரு மாதம் விட்டு, உள்ளே எறும்புக் குடும்பம் ஒன்றைக் குடிவைத்த அனுபவம் எனக்கு உண்டு.

மற்றவர்கள் வாங்கலாம். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பேச, ஒன்று கேட்க. ஊரில் ஏற்கெனவே கேட்டு இணையத்தில் ஏற்றுகிற ஒருவர் இருந்தால் ஒன்று போதும், ஆனால் எங்கள் பக்கம் அப்படி யாரும் இல்லை.

சில்வர் ஓக் கிளையை வெட்டச் சொல்லி மாமாவிடம் கேட்டேன். அந்த மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, கிளையில் கை வைத்தால் கொடி அறுந்துவிடும் என்றார். மிளகு பறித்து முடியட்டும், பார்க்கலாம் என்றார். பறித்து முடித்துப் பல மாதம் ஆயிற்று. நேற்றும் 3.10க்கு 4.02.